அடுக்குமாடியில் இளம்பெண்களுக்கு ஒரு சனிக்கிழமைக் குழு: தொடங்குவது எப்படி?

கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில், 14 முதல் 17 வயதுவரை உள்ள பெண்பிள்ளைகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றுகூடுகிறார்கள். இப்போது நான்காவது அணி நடக்கிறது. ஆனால் முதல் தடவை நான் தொடங்கிய குழு மூன்றே வாரத்தில் கலைந்துபோனது.

அப்போது ஒரு தன்முனைப்புப் பேச்சாளரை அழைத்திருந்தேன். 22 பேர் வந்தார்கள். அவர் ஒன்றரை மணி நேரம் நன்றாகவே பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வாரம் 11 பேர். அதற்கடுத்த வாரம் என் அக்கா மகளையும் சேர்த்து நான்கு பேர். என்ன தவறு என்று புரியவே எனக்கு எட்டு மாதம் ஆனது. தன்னம்பிக்கை கேட்டு வருவதாகத் தெரியவில்லை. கிளினிக் கவுண்டரில் தானே போய் நின்று எண் வாங்கிய பிள்ளைதான் அடுத்த வாரம் வாய் திறந்து பேசினாள்.

உங்கள் ஃப்ளாட்டிலோ தாமானிலோ (வீடமைப்புப் பகுதியிலோ) இப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால், முடிவெடுத்த நாளிலிருந்து முதல் சந்திப்புவரை ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு வாரத்தில் செய்ய வேண்டியதும், அதற்குப் பிறகு பன்னிரண்டு வாரம் நடத்த வேண்டியதும் கீழே இருக்கிறது.

1. முதலில் ஐந்து பிள்ளைகளிடம் கேளுங்கள்

கூட்டம் போட்டுக் கேட்காதீர்கள். கூட்டத்தில் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, கடைக்குப் போகும்போது, தனித்தனியாகப் பேசுங்கள். இரண்டு வாரம் போதும்.

எனக்குக் கிடைத்த பதில்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். "மலாயில போன்ல பேசணும்னா வாய் கட்டிப்போகுது அக்கா." "கிளாஸ்ல என்னைக் கறுப்பினுதான் கூப்பிடுறாங்க." "மாசா மாசம் ரெண்டு நாள் ஸ்கூல் போக முடியல, அம்மா எல்லாருக்கும் அப்படித்தான்னு சொல்றாங்க." இன்னொரு பிள்ளை சொன்னாள்: "நானும் தம்பியும் ஒண்ணாத்தான் ஸ்கூல்ல இருந்து வர்றோம். தட்டு கழுவுறது மட்டும் நான்." தன்னம்பிக்கை வேண்டும் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. நீங்கள் நடத்தப்போகும் பாடத்திட்டம் உங்கள் நோட்டில்தான் இருக்கிறது. இணையத்திலிருந்து ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள்.

வயதைக் கலக்காதீர்கள். 13 வயதுப் பிள்ளை முன்னால் 20 வயதுக்காரி மனம்விட்டுப் பேச மாட்டாள். 14 முதல் 17 ஒரு குழு. 18 முதல் 22 வேறு குழு. ஒரு குழுவுக்கு 8 பேரிலிருந்து 12 பேர்வரை சரியாக இருக்கும். 22 பேர் என்றால் யாராவது பத்துப் பேர் கடைசிவரை வாயே திறக்காமல் இருந்துவிட முடியும்.

பிறகு அம்மாக்கள். இது வாட்ஸ்அப்பில் முடிகிற வேலை இல்லை, வீட்டுக்குப் போக வேண்டும். இரவு எட்டரைக்குமேல் போனால் வேலை முடிந்து வந்து, சமைத்து முடித்து, கொஞ்சம் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் எப்போதும் இவைதான்: யார் யார் வருகிறார்கள், பையன்கள் உண்டா, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள், காசு எவ்வளவு. நான்குக்கும் நேரான பதில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுங்கள். "தன்னம்பிக்கை வகுப்பு" என்று சொன்னால் பிள்ளை எதிர்த்துப் பேசக் கற்றுக்கொள்வாளோ என்று சில வீடுகளில் பயப்படுகிறார்கள். "மலாயில் போன் பேசப் பழக்குகிறோம், சத்தான சாப்பாடு பற்றிப் பேசுகிறோம், சேர்ந்து நடக்கப் போகிறோம்" என்று நடப்பதைச் சொல்லுங்கள். அதுதான் உண்மையும்கூட.

2. இடம்: கோயில் மண்டபம் வேண்டாம்

நம்மவர்களுக்கு முதலில் தோன்றுவது கோயில் மண்டபம்தான். இப்போதைய குழுவை நானும் முதலில் அங்கேதான் நடத்தினேன். வாடகை இல்லை, அம்மாக்களுக்கு நம்பிக்கை, பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் மாதவிலக்கு நாட்களில் பிள்ளைகள் கோயில் வளாகத்துக்குள் வர மாட்டார்கள். வராத காரணத்தையும் சொல்ல மாட்டார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒவ்வொருத்தியும் காணாமல் போனாள். வருகைப் பதிவேட்டை வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. உடம்பைப் பற்றிப் பேச வேண்டிய பிள்ளை உடம்பின் காரணமாகவே வெளியே நிற்கும்படி ஆகிவிட்டது. கோயிலுக்கு வெளியே, தனி வாசல் உள்ள கட்டடம் இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

அடுக்குமாடியில் பெரும்பாலும் ஒரு பொது மண்டபமோ, குடியிருப்பாளர் சங்கத்தின் அறையோ, ருக்குன் தெதாங்கா (அக்கம்பக்கக் காவல் குழு) அறையோ இருக்கும். கடிதம் மலாயில் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். அதில் வர வேண்டியவை: எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எத்தனை பேர், பொறுப்பாளர் இருவரின் பெயரும் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணும், சாவி யார் கையில் இருக்கும், கூட்டிப் பெருக்கி மூடுவது யார். பன்னிரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் கேளுங்கள். வாரா வாரம் கேட்டால் ஏதாவது ஒரு வாரம் கல்யாண விருந்துக்கு மண்டபம் போய்விடும். கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் கடிதம் தொலைந்துபோனது. கொடுத்ததற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லாததால் ஒரு மாதம் வீணானது.

இடம் பார்க்கப் போகும்போது கழிவறைக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் விழுகிறதா, படிக்கட்டில் விளக்கு எரிகிறதா, கதவோ சன்னலோ திறந்திருந்தால் வெளியிலிருந்து பெரியவர்கள் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். மூடிய அறையில் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கிற நிலை எப்போதுமே வரக்கூடாது.

3. தாள்கள்

இந்தப் பகுதி பலருக்குச் சலிப்பாக இருக்கும். ஆனாலும் நிதானமாகச் செய்யுங்கள், பின்னால் உங்களைக் காப்பாற்றுவது இதுதான்.

ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கமாக இயங்கினால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி பதிவு தேவை. புதுச் சங்கம் பதிவு செய்வது என்றால் சட்டவிதிகள், பொறுப்பாளர் பட்டியல், ஆண்டுக் கூட்டம், ஆண்டறிக்கை என்று வேலை நீளும். தொடக்கத்திலேயே அதில் இறங்காதீர்கள். ஏற்கெனவே பதிவு பெற்ற ஒரு சங்கத்தின் மகளிர் பிரிவு நடவடிக்கையாகச் செய்யுங்கள். குடியிருப்பாளர் சங்கம், இளைஞர் மணிமன்றம், சமய அமைப்பின் வட்டாரக் கிளை, எதுவானாலும் சரி. அந்தச் சங்கத்தின் செயற்குழுக் கூட்டக் குறிப்பில் உங்கள் குழு பற்றி ஒரு தீர்மானம் பதிவாக வேண்டும். அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

பெற்றோர் அனுமதிப் படிவம் தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும். பிள்ளையின் முழுப்பெயர், ஐ.சி. எண், வீட்டு எண், அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள், இளைப்பு அல்லது ஒவ்வாமை உண்டா, தினமும் மருந்து எடுக்கிறாளா, சந்திப்பு முடிந்து யாரோடு வீட்டுக்குப் போவாள். படம் எடுக்க அனுமதியைத் தனிக் கட்டமாக வையுங்கள், முதல் கையெழுத்தோடு சேர்க்காதீர்கள். "வெளியே போகும் நடவடிக்கைக்கு அந்தந்த முறை தனி அனுமதி வாங்குவோம்" என்ற வரியும் வேண்டும். நிரப்பிய படிவங்கள் ஒரே கோப்பில், ஒரே வீட்டில், பூட்டிய அலமாரியில். வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பச் சொல்லாதீர்கள். ஐ.சி. எண் எங்கெங்கேயோ போகும்.

பொறுப்பாளர்களும் தங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சிறுவர்களுக்கு எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு சமூக நல இலாகாவிடம் இருக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்ய வருபவரின் பெயர் அதில் உண்டா என்று விண்ணப்பித்துக் கேட்கலாம். தெரிந்தவர்தானே, நம்ம அண்ணன்தானே என்று விடாதீர்கள். கேட்டதற்காகக் கோபப்பட்டுப் போனவர் ஒருவர் எங்களுக்கும் உண்டு. அவர் போனது நல்லதே.

இன்னொரு தாள் விஷயம். வரும் பிள்ளைகளில் யாருக்காவது ஐ.சி. இல்லாமல் இருக்கலாம். 12 வயதில் எடுக்க வேண்டியது, பெற்றோரின் திருமணப் பதிவு இல்லாததாலோ பிறப்புப் பத்திரச் சிக்கலாலோ நின்றுபோயிருக்கும். அந்தப் பிள்ளை படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்ப்பாள். மற்றவர்கள் முன்னால் கேட்காதீர்கள். தீபகற்ப மலேசியாவில் இந்தச் சிக்கலில் உள்ள இந்தியக் குடும்பங்களுக்கு டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா என்ற அமைப்பு விண்ணப்ப வேலைகளில் துணை செய்கிறது. பெற்றோரை அங்கே அனுப்பி வையுங்கள். பதிவு இலாகாவில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை என்பதால் சீக்கிரம் தொடங்குவது முக்கியம்.

4. பணம்

பன்னிரண்டு பிள்ளைகளுக்கு எங்களுக்கு மாதம் சுமார் 190 வெள்ளி (ரிங்கிட்) ஆகிறது. பழமும் தண்ணீரும் 60, மண்டபத்தின் மின்சாரத்துக்கு 40, ஒரு வெளிநடைக்கான ரயில் காசு 40, சானிட்டரி பேட் 30, நகலெடுக்க 20. ஆரம்பத்தில் மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நாங்கள் நான்கு அக்காமார் ஆளுக்கு 150 வெள்ளி போட்டோம். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கவில்லை. மாதம் ஐந்து வெள்ளிதானே என்று தோன்றும். அந்த ஐந்து வெள்ளியைக் கேட்கக் கூச்சப்பட்டே ஒரு பிள்ளை நின்றுவிடுவாள்.

நன்கொடை தர முன்வருபவர்கள் பெரிய பேனரோடு வருவார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பேட் பாக்கெட்டைக் கொடுத்துப் படம் எடுக்க வேண்டும் என்பார்கள். மறுத்துவிடுங்கள். நாங்கள் ஒருமுறை மறுக்கவில்லை. அந்தப் படத்தைப் பள்ளியில் பார்த்துவிட்டு என்னென்னவோ பேசினார்கள். இரண்டு பிள்ளைகள் அதற்குப்பின் வரவே இல்லை.

பணப்பெட்டி பிள்ளைகளிடமே இருக்கட்டும். மாதம் ஒருத்தி கணக்குப்பிள்ளை. சீட்டு வாங்குவது, எழுதுவது, மாதக் கடைசியில் எல்லார் முன்னும் வாசிப்பது அவள் வேலை. மூன்று வெள்ளி இடித்த மாதம் ஒன்று உண்டு. அதை எல்லாருக்கும் முன்னால் சொன்ன பிள்ளைக்குக் குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லி முடித்தாள். அன்றைக்குக் கைதட்டியது பேச்சாளருக்குக் கிடைத்த கைதட்டலைவிடச் சத்தமாக இருந்தது.

5. நாளும் நேரமும்

சனிக்கிழமை மாலை நான்கரை முதல் ஐந்தே முக்கால்வரை. காலையில் பள்ளிப் புறப்பாட நடவடிக்கை, மதியம் டியூஷன், ஞாயிறு காலை சமய வகுப்பு என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நாள் நிறைந்திருக்கிறது. ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். சொன்ன நேரத்தில் முடித்துவிட்டால் அம்மாக்கள் அடுத்த வாரமும் அனுப்புவார்கள்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம், தைப்பூச வாரம், பள்ளித் தேர்வு வாரங்கள் ஆகியவற்றை முதலிலேயே நாட்காட்டியில் அடித்துவிட்டுப் பன்னிரண்டு சனிக்கிழமைகளை எண்ணுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கோலாலம்பூரில் மாலை இடிமழை அதிகம் என்பதால் வெளிநடையைக் காலையில் வையுங்கள்.

6. பன்னிரண்டு வாரம் என்ன செய்வது

அறிமுகம், விளையாட்டு எல்லாம் உங்களுக்கே தெரியும். எங்களுக்குப் பலன் தந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாளே வேலை கொடுங்கள். வருகை எடுப்பவள், நேரம் பார்ப்பவள், பழம் வெட்டுபவள், கதவு பூட்டுபவள். பேசப் பயப்படும் பிள்ளைக்கு நேரம் பார்க்கும் வேலை மிகவும் பொருந்தும். ஒரு நிமிடம் ஆனதும் அட்டையைத் தூக்கிக் காட்டினால் போதும். அதோடு எல்லாரும் அவளைப் பார்ப்பது அவளுக்குப் பழகிப்போகும்.

அரை நிமிடப் பேச்சு. வாரா வாரம் எல்லாரும் எழுந்து நின்று பேச வேண்டும். தலைப்பு சிறியதாக இருக்கட்டும்: நேற்று இரவு என்ன சாப்பிட்டேன், எங்கள் மாடியில் எந்த விளக்கு எரியவில்லை. நான்காவது வாரத்திலிருந்து ஒரு நிமிடம். "நன்றாகப் பேசினாய்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "இன்றைக்குக் கடைசி வாக்கியம்வரை குரல் இறங்கவில்லை" என்று கண்டதைச் சொல்லுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம், எந்த மொழியானாலும் சரி.

தொலைபேசி வாரம். எங்கள் குழுவில் அதிகம் மாற்றம் தந்தது இதுதான், ஆகவே மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் உங்களோடு நடித்துப் பார்க்கட்டும்: நீங்கள் கவுண்டர் ஊழியர், அவள் அழைப்பவள். கொஞ்சம் சிடுசிடுப்பாகவே பேசுங்கள், வெளியே அப்படித்தான் இருக்கும். இரண்டாம் வாரம், சொல்ல வேண்டிய நான்கு வரிகளை எழுதி வைத்துக்கொண்டு உண்மையான அழைப்பு: நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், கடையில் இந்தச் செருப்பின் அளவு இருக்கிறதா. மூன்றாம் வாரம் தாளில்லாமல். ஸ்பீக்கரில் போடாதீர்கள், மற்றவர்கள் சிரித்தால் அவ்வளவுதான்.

கவுண்டர் வாரம். அரசுச் சுகாதாரக் கிளினிக்கில் குடியுரிமை உள்ளவர்களுக்கு வெளிநோயாளி கட்டணம் ஒரு வெள்ளி. மைசெஜாத்ரா செயலியிலேயே முன்பதிவு செய்யலாம். உடம்பில் ஏதாவது தொந்தரவு இருக்கும் பிள்ளையை அம்மாவோடு அனுப்புங்கள், ஆனால் கவுண்டரில் பேசுவது பிள்ளையாக இருக்கட்டும் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மாக்களுக்கு இது கஷ்டம். பிள்ளை தடுமாறும் அந்த ஐந்து விநாடி அமைதியாக நிற்க வேண்டும் என்று அவர்களிடமும் சொல்லிப் பழக்க வேண்டியிருந்தது.

ரயில் வாரம். செந்தூலிலிருந்து எல்ஆர்டி ஏறினால் அடுத்த நிலையமே தித்திவங்சா. அங்கே இறங்கி ஏரிப் பூங்காவுக்கு நடந்து, ஏரியைச் சுற்றி வந்து திரும்புவது எங்கள் வழக்கம். வழி கண்டுபிடிப்பது பிள்ளைகள். நீங்கள் பின்னால் வாருங்கள். தவறான பக்கம் திரும்பினாலும் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், அவர்களே நின்று விசாரிப்பார்கள். பினாங்கில் இருப்பவர்களுக்குத் தாவரவியல் பூங்கா இதற்கு நல்ல இடம்.

18 வயதுக்கு மேற்பட்ட குழுவானால் ஒரு வாரம் சம்பளச் சீட்டுக்கு ஒதுக்குங்கள். 2025லிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் என்றால் 8.17 வெள்ளி. இபிஎஃப் என்ற சேமநிதிக்குத் தொழிலாளியிடம் 11 விழுக்காடு பிடிப்பார்கள். 5,000 வெள்ளிவரை சம்பளம் உள்ளவர்களுக்கு முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும். சீட்டே தராத கடையில் வேலை செய்தவள் ஒருத்தி, இதைக் கேட்டுவிட்டுப் போய்ச் சீட்டுக் கேட்டு வாங்கினாள்.

7. உடம்பைப் பற்றிப் பேசும் வாரங்கள்

இரண்டு விதிகளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எடை பார்க்கும் மெஷின் இந்த அறைக்குள் வராது. யாருடைய நிறத்தையும் பருமனையும் பற்றி யாரும் எதுவும் சொல்லக்கூடாது, பாராட்டாகக்கூட. "ஒல்லியாகிட்டே, அழகா இருக்கே" என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்னவாகக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். அக்காமார்களான நமக்குத்தான் இந்த விதி அதிகம் தேவைப்பட்டது.

சாப்பாட்டுக்குச் சுகாதார அமைச்சின் "சுக்கு சுக்கு செப்பாரோ" தட்டு போதும்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, அரைத் தட்டு காய்கறியும் பழமும். பிள்ளைகளிடம் பேப்பர் தட்டைக் கொடுத்து, நேற்று சாப்பிட்டதை வரையச் சொல்லுங்கள். பெரும்பாலும் முக்கால் தட்டு சோறாகவோ மேகியாகவோ இருக்கும். திட்ட வேண்டாம். வீட்டில் இருப்பதை வைத்து ஒரே ஒரு மாற்றத்தை அவளே எழுதட்டும். கடையில் "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று கேட்டு வாங்குவதையும் பழக்குங்கள். கேட்கவே தயங்குகிறார்கள்.

இரத்தச் சோகையில் அதிக நேரம் செலவிடுங்கள். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு இரத்தச் சோகை இருந்தது. லிஃப்ட் பழுதான நாளில் நான்கு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது, வகுப்பில் தூக்கம் வருகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் வீட்டில் அதைச் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பிள்ளையும் அதை நம்பிவிடுகிறாள். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் சோகை. எங்கள் இரண்டாம் அணியில் ஒரு பிள்ளைக்கு 9 இருந்தது. மாத்திரை எடுத்து மூன்று மாதம் கழித்து வந்து, "நான் சோம்பேறி இல்லை அக்கா" என்றாள். இரும்புச்சத்து மாத்திரையை மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும், பக்கத்து வீட்டு அக்காவுடையதை வாங்கிப் போடக்கூடாது. உணவில் ஈரல், கெராங் (சிப்பி), கீரை, பருப்பு. கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் அதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.

மாதவிலக்கு வாரத்தில் வீட்டுக்குறிப்பு நோட்டு ஒன்று ஆளுக்குக் கொடுங்கள். தேதி, எத்தனை நாள், வலி எவ்வளவு. ஏழு நாளைத் தாண்டிப் போனால், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்துபோனால், வலியால் பள்ளியே போக முடியாவிட்டால், பல மாதம் வராமலே இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். நோட்டைக் காட்டினால் மருத்துவருக்கும் எளிது, பிள்ளைக்கும் வாயால் சொல்லும் கூச்சம் குறையும். குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கஃபே டீன் மையங்கள் 13 முதல் 24 வயதுவரை உள்ளவர்களுக்காகவே இருக்கின்றன. கேட்கக் கூசும் கேள்விகளுக்கு அங்கே அழைத்துப் போகலாம். ஒரு மாதம் முன்பே கடிதம் எழுதுங்கள்.

தூக்கம்: 18 வயதுவரை இரவில் 8 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் இது சொல்லுவது சுலபம், செய்வது சிரமம். போனைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுவது ஒன்றை மட்டும் ஒரு வாரம் முயன்று பார்க்கச் சொன்னோம். பாதிப் பேருக்கு அது பழக்கமாகிவிட்டது. உடற்பயிற்சிக்குத் தனி வகுப்பு வைக்கவில்லை. படிக்கட்டும் பூங்காவும் போதுமாக இருந்தது.

8. பிள்ளை ஒன்றைச் சொல்ல வரும்போது

ஆறாவது, ஏழாவது வாரத்தில் நம்பிக்கை வந்ததும், எல்லாரும் போன பிறகு ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். இதற்கு நீங்கள் முதல் வாரத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடியவரிடம் நான் சொல்லித்தான் ஆக வேண்டும், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று முதல் சந்திப்பிலேயே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லி வையுங்கள். கேட்கும்போது குறுக்கே பேசாதீர்கள், துருவாதீர்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி நேரத்தோடு அன்றைக்கே எழுதி வையுங்கள். 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசில் தெரிவிக்காமல் இருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், 5,000 வெள்ளிவரை அபராதம் உண்டு. "குடும்ப மானம் போகும், நாமே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று பெரியவர்கள் வருவார்கள். நீங்கள் பேசித் தீர்க்கும் இடத்தில் இல்லை.

உதவித் தொலைபேசி எண்களைப் பெரிய எழுத்தில் மண்டபத்தில் ஒட்டுங்கள், பிள்ளைகளின் போனிலும் சேமிக்கச் சொல்லுங்கள். உடனடி ஆபத்துக்கு 999. வன்முறை, கொடுமை என்றால் தாலியான் காசே 15999, எந்நேரமும். மனம் தாங்கவில்லை என்றால் ஹீல் 15555, காலை 8 முதல் நள்ளிரவுவரை. நள்ளிரவுக்குப் பிறகும் பேச பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ஓஎஸ்சிசி என்ற பகுதி இருக்கும். மருத்துவப் பரிசோதனை, போலீஸ் புகார், ஆலோசனை எல்லாம் அங்கேயே நடக்கும். துணைக்குப் பெரியவர் ஒருவர் போங்கள்.

போனில் படம் கேட்டு மிரட்டுபவர்கள் பற்றியும் இந்த வாரமே பேசிவிடுங்கள். "அனுப்பியது தப்புதான்" என்று நீங்கள் ஆரம்பித்தால் அந்தப் பிள்ளை அத்தோடு நிறுத்திவிடுவாள். அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும், பணம் கொடுக்க வேண்டாம், உங்களிடம் வரட்டும். அவ்வளவு தெரிந்தால் போதும்.

9. ஆள் குறையும்போது

எட்டாவது வாரத்தில் நிச்சயம் குறையும். வாட்ஸ்அப் குழுவில் "ஏன் வரவில்லை" என்று கேட்காதீர்கள். இன்னொரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல்தான் பெரும்பாலும் நின்றிருப்பாள். தம்பியையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், மண்டபத்து மூலையில் வரைந்துகொண்டிருக்கட்டும். எங்கள் மூன்றாம் அணியில் வாரா வாரம் மூன்று தம்பிகள் இருந்தார்கள். பழத்தட்டு கழுவுவது அவர்கள் வேலை.

மூன்று பேர்தான் வந்திருந்தாலும் நான்கரைக்குத் தொடங்கி ஐந்தே முக்காலுக்கு முடியுங்கள். மழையானாலும் கதவு திறந்திருக்க வேண்டும். உங்களால் வர முடியாத வாரத்துக்கு மற்ற அக்கா யார் என்று முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

பத்தாவது வாரத்தில் அடுத்த அணிக்கான அனுமதிப் படிவங்களை நகலெடுத்துவிடுங்கள். வீடு வீடாகக் கொண்டு போவது இப்போதைய அணிப் பிள்ளைகள், அம்மாக்களின் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் அவர்களே. நீங்கள் கீழே லிஃப்டுப் பக்கம் நில்லுங்கள். மண்டபத்துக்கான புதுக் கடிதத்திலும் பொறுப்பாளர் பெயர்களுக்குக் கீழே உதவியாளர் என்று அந்த அணியில் இருவர் பெயரைச் சேருங்கள். புது அணியின் முதல் சனிக்கிழமை வருகைப் பதிவேட்டை அந்த இருவரில் ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டு, பின்வரிசையில் போய் உட்காருங்கள்.